பல் டாக்டரின் தாது உப்பு

"முழுங்கிடாதீங்க. நாக்கு நுனியில வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருங்க. இப்ப சொல்லுங்க, கடைசியா லேசா ஒரு இனிப்பு தட்டுதா?"

"தட்டுது. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கசப்பு வந்துச்சே."

"அது தாமிரம், டாக்டர். நல்ல சரக்குக்கு அதான் அடையாளம். மத்தவன் விக்கிறதெல்லாம் சமையல் உப்புல சாயம் கலந்தது. அதை மாட்டுக்குப் போடறதுக்குப் பதிலா நீங்க அவிச்ச முட்டைக்குத் தொட்டுக்கலாம்."

உப்பு விற்க வந்தவன் பெயர் தெல்மார். தெற்கிலிருந்து வந்தவன், வெள்ளைத் தொப்பியும் தூசி படியாத காலணியுமாக இருந்தான். கண்களை மூடி ருசி பார்த்துக்கொண்டிருந்தவர் டாக்டர் எவால்டோ. வாரத்தில் ஐந்து நாள் காம்போ கிராந்தே நகரத்தில் பல் பிடுங்குவார். மீதி இரண்டு நாள் சந்தா இனேஸ் பண்ணையின் முதலாளி. பக்கத்தில் நின்ற பண்ணை மேலாள் அந்தேனோரும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டான். முதலாளி சாப்பிடும்போது தான் சும்மா நிற்பது மரியாதையாக இருக்காது என்று அவனுக்குப் பட்டது. மாடுகளைத் தவிர அன்றைக்கு எல்லோரும் உப்பு தின்றார்கள். மாடுகள் தொலைவில், உவர்க்குளத்தின் மறுகரையில், பனைத்தோப்பு நிழலில் வெள்ளை வெள்ளையாகப் படுத்திருந்தன.

இத்தனைக்கும் காரணம் ஓர் எலும்பு. போன மாதம் டாக்டர் ஜீப்பில் மேய்ச்சலைப் பார்க்கப் போனபோது ஒரு பசு எதையோ வாயின் ஒரு பக்கமாக ஒதுக்கி மென்றுகொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், எப்போதோ செத்த வேறொரு மாட்டின் கால் எலும்பு. டாக்டர் இறங்கி நின்று வெகுநேரம் பார்த்தார். அவருடைய தொழில் சார்ந்த விஷயம் அது. கடைவாய்ப் பல் இப்படித் தேய்ந்தால் என்ன ஆகும் என்று அந்தேனோருக்கு விளக்கினார். அந்தேனோர் தன் பங்குக்கு, "இதுங்களுக்கு அது ஒரு பழக்கம், டாக்டர். நாம புகையிலை அதக்குற மாதிரி" என்றான். நகரத்துக்குத் திரும்பிய டாக்டர் விசாரித்துத் தெரிந்துகொண்டார். எங்கள் பக்கத்து மண்ணில் பாஸ்பரஸ் கிடையாது, அதனால் புல்லிலும் கிடையாது. வேறு வழியில்லாமல்தான் மாடு எலும்பைத் தேடுகிறது. அப்படிப்பட்ட மாடு சரியாகச் சினை பிடிக்காது. போன வருடம் சந்தா இனேஸில் பாதிக்குச் சற்று மேலேதான் சினை நின்றிருந்தது.

எனவே டாக்டர் தீர்ப்பு சொன்னார். நல்ல தாது உப்பு போடப் போகிறோம். வருகிற மே மாதச் சினைப் பரிசோதனையில் நூற்றுக்கு எழுபதாவது தேறினால் பண்ணை நடக்கும். தேறாவிட்டால் மாடுகளை விற்றுவிட்டு நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரனுக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவார். மாடு இல்லாத பண்ணைக்கு மேலாள் எதற்கு? அதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சொல்லாததும் சமையலறை ஜன்னல் வழியாக ஜசீராவின் காதில் விழுந்தது. அந்தேனோரின் மனைவி அவள். மரவள்ளிக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு முன்பைவிட வேகமாக உரித்தது. பல வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்குப் பாட்டுப் பாடத் தோன்றியது.

ஜசீராவுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அக்கிதவானா ஊரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவளுடைய அக்கா மரீல்டாவுக்கு ஒரு கட்டடம் இருக்கிறது. அதன் முன்னறை வருகிற ஏப்ரலில் காலியாகிறது. அங்கே ஓர் அடுப்பைப் போட்டு, மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் பிசைந்து 'சீப்பா' என்கிற ரொட்டி சுட்டு, விடியற்காலைப் பேருந்துக்கு வருகிறவர்களுக்குச் சூடாக விற்க வேண்டும். மனிதர்கள் வந்து போகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். சந்தா இனேஸில் வெள்ளம் ஏறினால் மூன்று மாதத்துக்கு ஒரு புது முகத்தைப் பார்க்க முடியாது. போன மழையில் அவள் ஒரு நாரையிடம் பேசிக்கொண்டிருந்ததை அந்தேனோர் பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஊருக்குப் போகலாம் என்று அவள் எப்போது பேச்செடுத்தாலும் அவனிடம் ஒரே பதில்தான். வேலையை நாமே விட்டுப் போனால் வெறுங்கையோடு போக வேண்டும். முதலாளி அனுப்பினால்தான் இத்தனை வருடத்துக்குச் சேர்ந்ததெல்லாம் சட்டப்படி கைக்கு வரும். அது இல்லாமல் அடுப்பு எங்கிருந்து வாங்குவது? சட்டம் அப்படித்தான் இருந்தது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் அந்தேனோர் வேறொரு காரணம் கண்டுபிடித்திருப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும். குதிரைமேல் உட்காராத நாளில் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

அன்றிரவு சாப்பிடும்போது அவள் நேராகவே கேட்டாள்.

"மே மாசம் எழுபது வரலைன்னா போயிடலாம்தானே, கிழவா?"

"வரலைன்னா அவரே அனுப்பிடுவாரு. அப்புறம் போகாம?"

"சத்தியமா?"

"நீ ஏன் மாடு செத்துப்போன வீட்ல சிரிக்கிற மாதிரி சிரிக்கிற?" என்றான் அந்தேனோர். "சத்தியம்தான். சோத்தைப் போடு."

தொட்டி எங்கே வைப்பது என்பதை டாக்டரே முடிவு செய்தார். மாடுகள் உப்பை நக்குவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் வராந்தாவில் தன் துணி ஊஞ்சலில் படுத்துக்கொண்டு, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த இடம் தெளிவாகத் தெரிகிறதோ அங்கே கை காட்டினார். வீட்டிலிருந்து கல்லெறி தூரத்தில் தகரக் கூரை போட்ட மரத்தொட்டி ஒன்று எழுந்தது. ஒருபுறம் நாய்கள், மறுபுறம் மின்சார மோட்டார். டாக்டருக்கு மிகவும் திருப்தி. மாடுகளின் அபிப்பிராயத்தைக் கேட்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

மாடுகள் வரவில்லை. அவற்றுக்கு உப்பு ஆசையே இல்லை. மற்ற ஊர்களில் மாடு உப்புக்காக ஓடி வரும், உப்போடு சேர்ந்து மற்ற தாதுக்களும் வயிற்றுக்குள் போகும்; அந்த நம்பிக்கையில்தான் கம்பெனிக்காரர்கள் கலவை செய்கிறார்கள். சந்தா இனேஸிலோ குளத்து நீரே உவர். காலையும் மாலையும் அதைக் குடித்துவிட்டுத் தோப்பில் படுத்திருக்கும் மாட்டுக்கு, நாய் குரைக்கிற முற்றம் வரை நடந்து வந்து இன்னும் கொஞ்சம் உப்பு நக்க என்ன தலையெழுத்து? ஒற்றைக் கொம்புக் கிழட்டுப் பசு ஒன்று மட்டும் எப்போதாவது வரும். விதவை என்று அதற்குப் பெயர். அதுவும் நக்கிவிட்டு, ஏமாற்றப்பட்டதைப் போல ஜசீராவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும்.

தெல்மார் ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கணக்குக் கொடுத்திருந்தான். அந்தக் கணக்குப்படி மூட்டை காலியாகிறதா என்று டாக்டர் ஒவ்வொரு வருகையிலும் வெற்றுச் சாக்குகளை எண்ணுவார். முதல் தடவை வெற்றுச் சாக்கு கணக்கைவிடக் குறைவாக இருந்தது. மாடு தின்னவில்லை என்று அந்தேனோர் சொன்னதை அவர் நம்பவில்லை. தொட்டியில் போடச் சோம்பல்பட்டு வேலைக்காரன் சொல்லும் சாக்கு என்று நினைத்தார். நினைத்ததை மிகவும் கண்ணியமாகச் சொன்னார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

தொட்டிக்கு உப்பு போடும் வேலை ஜசீராவினுடையது. அந்தேனோர் விடியுமுன்னே குதிரையேறிப் போய்விடுவான். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை குட்டை; சாரலில் நனைந்த உப்பு கல்லாக இறுகிப்போயிற்று. அதை இடித்துப் பெயர்த்து எடுத்தவள், எங்கே போடுவது என்று புருஷனைக் கேட்டாள். "எங்கயாவது கொண்டுபோய்க் கொட்டு. அவரு கண்ணுல மட்டும் படக் கூடாது" என்றான் அவன்.

இந்த ஒரு வாக்கியம் ஜசீராவுக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவள் இறுகிய உப்பை மட்டுமல்ல, பிரிக்காத மூட்டைகளையும் குதிரை வண்டியில் ஏற்றினாள். விதவைகூட அதை நக்கிவிடக் கூடாது. மாட்டுக்கு அவள் கெடுதல் எதுவும் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். விஷம் வைக்கவில்லை, பட்டினி போடவில்லை. அவற்றின் அப்பன் பாட்டன் எப்படி எலும்பைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தனவோ அப்படியே வாழட்டும் என்று விட்டாள், அவ்வளவுதான். குளத்தின் மறுகரைக்குப் போய்த் தோப்புக்குள் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவாள். டாக்டரின் ஜீப் அந்தச் சேற்றுக்குள் வராது. போகிற வண்டிதானே என்று சமையலறைக் கழிவையும் கூடவே ஏற்றிக்கொள்வாள். கிழங்குத் தோல், பிழிந்த கரும்புச் சக்கை, வெல்லம் காய்ச்சும்போது வழித்தெடுத்த அழுக்குப் பாகு எல்லாம் அந்த உப்பின் மேலேயே விழும். மாடுகள் சற்றுத் தள்ளிப் படுத்து அசைபோட்டபடி அவளைப் பார்க்கும். இந்த உப்பை அவை தொடாது என்று பண்ணை முழுவதற்கும் தெரியும். டாக்டருக்கு மட்டும்தான் தெரியாது.

சாக்குக் கணக்கு நேரானது. டாக்டர் மகிழ்ந்தார். அந்தேனோர், தன் மனைவி எவ்வளவு சாமர்த்தியமாகக் கட்டி உப்பை ஒழிக்கிறாள் என்று மகிழ்ந்தான். ஜசீராவும் மகிழ்ந்தாள். மூன்று பேரும் வெவ்வேறு காரணத்துக்காக மகிழ்ச்சியாக இருந்ததால் அந்த நவம்பர் மிகவும் நிம்மதியாகக் கழிந்தது. காளைகளை மந்தையில் விட்டார்கள். மரீல்டா ஊரிலிருந்து, முன்னறைக்குச் சுண்ணாம்பு அடிப்பதா, நீல வண்ணம் அடிப்பதா என்று கேட்டுச் சொல்லியனுப்பினாள். நீலம் என்றாள் ஜசீரா.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் தோப்பில் அவள் ஓர் எலும்பை மிதித்தாள். முழங்கால் எலும்பு. நல்ல வெள்ளையாக, முழுசாக இருந்தது. சுற்றிலும் மாட்டுக் குளம்புத் தடங்கள். ஆனால் எலும்பில் ஒரு பல் தடம்கூட இல்லை. அவள் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து பார்த்தாள். இன்னொரு எலும்பு; ஓர் ஆமை ஓடு. எதையும் எதுவும் கடித்திருக்கவில்லை. பிறகு தான் உப்பு கொட்டும் இடத்துக்குப் போனாள். அங்கே உப்பு இல்லை. உப்பு இருந்த இடத்தில் மண் குழிந்து, நாக்கால் மெழுகியதைப் போல வழவழவென்று இருந்தது.

சக்கைக்கும் பாகுக்கும் வந்தவை அதோடு சேர்த்து உப்பையும் தின்றிருக்கின்றன. ருசி கண்ட பிறகு எழுந்து நடக்கவும் தேவையில்லை. படுக்கிற இடத்திலேயே பரிமாறியிருக்கிறாள். விதவை பக்கத்தில் வந்து நின்றது. அதன் முதுகில் பழைய ரோமம் உதிர்ந்து புதிதாக, பால் நிறத்தில், பளபளவென்று வந்திருந்தது. ஜசீரா தன்னையறியாமல் அதைத் தடவினாள். கைக்கு இதமாக இருந்தது. நம் கையால் தின்று தேறியிருக்கிறது என்று ஒரு சந்தோஷம் வந்தது. அது வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடு, "உன்னை எவடி திங்கச் சொன்னது?" என்று கேட்டாள். விதவை வண்டிக்குள் எட்டிப் பார்த்தது.

இடத்தை மாற்றினாள். இன்னும் தொலைவில், நாணல் காட்டுக்கு அப்பால் கொட்டினாள். கழிவைப் போடுவதையும் நிறுத்தினாள். பயனில்லை. வண்டிச் சக்கரத்தின் கிறீச்சொலி மாடுகளுக்குப் பழகிவிட்டிருந்தது. அது கேட்டதும் விதவை எழும். விதவை எழுந்தால் மந்தை எழும். வெள்ளை மாடுகள் வரிசையாக அவள் பின்னால் நடந்து வந்தன. குளக்கரையில் அந்த ஊர்வலத்தைத் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஏதோ திருவிழா என்று தோன்றியிருக்கும். நடுவில் வண்டியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அழுகை வந்தது.

யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். இந்தப் பண்ணையில் மாடு நிச்சயமாக உப்பு தின்னாத ஓர் இடம் உண்டென்றால் அது டாக்டரின் தொட்டிதான். நாயும் மோட்டாரும் இருக்கிற இடம். முறைப்படி அங்கேயே போட்டுவிடுவோம், மழையில் இறுகிக் கல்லாகட்டும் என்று முடிவு செய்தாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. டாக்டர் துணி ஊஞ்சலில் படுத்து, கொம்புக் குவளையில் தெரெரே என்கிற குளிர்ந்த இலைத் தேநீரை உலோகக் குழலால் உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஜசீரா கொட்டகையிலிருந்து மூட்டைகளை வண்டியில் ஏற்றித் தொட்டிக்கு ஓட்டினாள். சக்கரம் கிறீச்சிட்டது. முதலில் மறுகரையில் ஒரு தலை நிமிர்ந்தது. அப்புறம் தண்ணீர் சலசலத்தது. குளத்தின் ஆழமில்லாத ஓரமாக மந்தை முழுக்க, கன்றும் கிடாரியும் உள்பட, வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. நாய்கள் இரண்டு தடவை குரைத்துப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டன. மூட்டையை அவிழ்க்கும்வரைகூட மாடுகள் பொறுக்கவில்லை.

டாக்டர் ஊஞ்சலிலிருந்து எழ முயன்று, துணியில் சிக்கி, ஒருவழியாக எழுந்தார்.

"அந்தேனோர், இங்க வந்து பாரு. நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? தொட்டி வைக்கிற இடத்துலதான் எல்லாம் இருக்கு."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், டாக்டர்" என்றான் அந்தேனோர். அவன் மாடுகளைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம், "என்னடி பண்ணின?" என்று கேட்டதற்கு அவள், "உப்பு போட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் தடுக்க முயலவில்லை. மாடுகளும் அவளை விடவில்லை.

மே மாதம் கால்நடை மருத்துவர் வந்தார். தோள்வரை ஏறும் நீளக் கையுறையை மாட்டிக்கொண்டு, ஒடுங்கிய மரப்பாதையில் ஒவ்வொன்றாக வந்து நின்ற பசுவின் பின்னால் கைவிட்டுப் பார்த்து, முடிவை உரக்கச் சொன்னார். சினை என்றால் ஒரு பக்கக் கதவு திறக்கும். காலி என்றால் மறுபக்கக் கதவு. அது சந்தைக்குப் போகிற பக்கம். ஜசீரா வேலிக் கட்டையில் கை ஊன்றி நின்றாள். சினை, சினை, சினை என்று அந்த மனிதர் ஜெபமாலை உருட்டுகிறவரைப் போலச் சொல்லிக்கொண்டே போனார். எப்போதாவது காலி என்று வரும்போது அவளுக்குச் சற்று மூச்சு வரும். விதவை கடைசியாக வந்தது. இந்த வயதில் அதற்கு வாய்ப்பே இல்லை என்று அந்தேனோர் முன்கூட்டியே மறுபக்கக் கதவில் கை வைத்தான். மருத்துவர் கையை உள்ளே விட்டார், முகத்தைச் சுளித்தார், சிரித்தார்.

"இதுவும் சினை. என்னய்யா போடறீங்க இதுங்களுக்கு?"

நூற்றுக்கு எண்பத்து நான்கு வந்தது.

மதியம் மாமரத்தடியில் விலா எலும்புக் கறி கம்பியில் சுட்டுக்கொண்டிருந்தது. தெல்மார் பீர்ப் பெட்டியோடு வந்திருந்தான். தன் கம்பெனியின் கசப்புத் தாமிரத்தால்தான் இந்த வெற்றி என்று அவன் விளக்கினான். டாக்டர் மறுத்தார். சரக்கு முக்கியம்தான், ஆனால் தொட்டி இருக்கும் இடம் அதைவிட முக்கியம் என்றும், இதைப் பற்றி நகரத்தில் ஒரு கூட்டத்தில் பேசப்போவதாகவும் சொன்னார். அந்தேனோர் இரண்டு குவளைக்குப் பிறகு, காளையை வளர்பிறையில் மந்தைக்குள் விட்டது தான்தான் என்பதை எல்லோருக்கும் நினைவூட்டினான். தொட்டியைப் படம் பிடித்துக் கம்பெனி நாட்காட்டியில் போட வேண்டும் என்றான் தெல்மார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

டாக்டர் எழுந்து நின்று பேசினார். மாடுகளை விற்கும் பேச்சு இனி கிடையாது. கிடாரிகளை வைத்துக்கொண்டு மந்தையைப் பெருக்கப் போகிறார். இரண்டாவது தொட்டி சமையலறைக்குப் பக்கத்திலேயே வரும். அந்தேனோர் இன்னும் பத்து வருடம் இங்கே இருக்க வேண்டும், சம்பளமும் ஏறும். அந்தேனோரின் முகம் மலர்ந்தது. மலர்ந்த பிறகு, எதையோ நினைத்துக்கொண்டதைப் போல அவன் தலையைக் குனிந்து தட்டிலிருந்த கறியைப் பார்த்தான்.

ஜசீரா அவித்த மரவள்ளிக்கிழங்குப் பாத்திரத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே முன்னறை நீல வண்ணம் அடித்துத் தயாராக இருப்பதாகப் போன வாரம்தான் மரீல்டா சொல்லியிருந்தாள். ஜூன் முடியும்வரை காத்திருப்பாள். அதற்குமேல் செல்போன் பழுதுபார்க்கிற ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"ஒருத்தரை மறந்துட்டோம்" என்றார் டாக்டர். கண் லேசாகக் கலங்கியிருந்தது. பீரும் புகையும் அதற்குக் காரணமாக இருக்கலாம். "நான் வாங்கிக் குடுத்தேன், தெல்மார் வித்தான். ஆனா மழையிலயும் சேத்துலயும் வாரம் தவறாம வண்டியில ஏத்திப் போட்டது ஜசீரா அம்மா. இவங்க இல்லைன்னா இந்த எண்பத்து நாலு இல்லை."

தெல்மார் கை தட்டினான். கால்நடை மருத்துவரும் தட்டினார்.

"சொல்லுங்க, ஜசீரா அம்மா. உங்களுக்கு என்ன வேணும்? புது அடுப்பா, டிவியா? கூச்சப்படாதீங்க. இன்னிக்கு நீங்க எது கேட்டாலும் நான் இல்லைன்னு சொல்லப் போறதில்லை."

கம்பியிலிருந்து கொழுப்பு சொட்டித் தணலில் சுர்ரென்றது. அந்தேனோர் தலையை நிமிர்த்தாமல் மெல்லுவதை மட்டும் நிறுத்தினான். ஜசீரா ஈரக்கையை இடுப்புத் துணியில் நிதானமாக, ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டர்," என்றாள், "என் வீட்டுக்காரரை வேலையிலேருந்து அனுப்பிடுங்க."